சின்ன மலையில் முதல் சறுக்கல்: ரொறன்ரோப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஸ்கீ, அதாவது காலில் நீளப் பலகை மாட்டிப் பனிமலையில் சறுக்குவது, தொடங்கி ஒன்பது வருடமாகிறது. மூத்தவள் ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தோடு மில்ரனில் உள்ள கிளென் ஈடன் மலைக்குப் போய்வந்தாள். அன்றிரவு சோற்றைக் கோப்பையில் ஆறவிட்டுவிட்டு, எழுந்து நின்று முழங்காலை மடித்துக் காட்டிக் காட்டிக் கதை சொன்னாள். அடுத்த சனிக்கிழமை குடும்பமாகப் போனோம். அன்று தொட்டுத் தமிழ் வகுப்பு வாசலில், பிறந்தநாள் வீட்டில், தொலைபேசியில் என்று ஒரே கேள்விகள்தான் என்னிடம் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, தெரிந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் கிளென் ஈடனை வைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். மற்றச் சின்ன மலைகளிலும் நடைமுறை கிட்டத்தட்ட இதுதான்.

அக்கா, மில்ரனில மலை எங்க இருக்கு? 401ல எத்தினை தரம் போயிருக்கிறன், ஒண்டையும் காணேல்லையே.

கண்டிருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். 401 நெடுஞ்சாலையில் மேற்கே போகும்போது மில்ரனைத் தாண்டியதும் இடதுகைப் பக்கம் ஒரு நீர்த்தேக்கம் வரும். அதற்குப் பின்னால் மரம் மூடிய நீண்ட மேடு நிற்கும். அந்த மரங்களுக்கு நடுவே மேலிருந்து கீழாக வெள்ளைப் பட்டிகள் தெரிந்தால், அதுதான் கிளென் ஈடன். நீர்த்தேக்கமும் மலையும் கெல்சோ என்ற பூங்காவுக்குள் இருக்கின்றன.

அந்த மேடு நயாகரா எஸ்காப்மென்ற். நயாகரா நீர்வீழ்ச்சி எந்தப் பாறை விளிம்பிலிருந்து விழுகிறதோ அதே விளிம்புதான் மில்ரனுக்குள்ளாலும் ஓடி வடக்கே ரோபமோரி வரை போகிறது. மொத்தம் 725 கிலோமீற்றர். 1990இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலையை நடத்துவது தனியார் கம்பனி அல்ல. வெள்ளத்தையும் காடுகளையும் பார்த்துக்கொள்ளும் ஹோல்ற்றன் பாதுகாப்பு ஆணையம்தான் நடத்துகிறது.

73 மீற்றர் எல்லாம் ஒரு மலையோ? விஸ்லருக்குப் போனாத்தானே அது ஸ்கீ?

கிளென் ஈடனின் உச்சிக்கும் அடிக்கும் இடையே உயரம் 73 மீற்றர்தான். கொலிங்வூட்டில் உள்ள புளூ மவுண்டன் 220 மீற்றர், கியூபெக்கின் மொன்ற் ட்ரம்ப்ளான் 645 மீற்றர், பிரிட்டிஷ் கொலம்பியாவின் விஸ்லர் 1,500 மீற்றருக்கும் மேல். ஆனால் முதல்நாள் உங்களுக்குத் தேவைப்படுவது ஐம்பது மீற்றர் நீளத்துக்கு மெல்லச் சரியும் ஒரு நிலம். அது விஸ்லரிலும் ஒன்றுதான், மில்ரனிலும் ஒன்றுதான்.

சின்ன மலை ஒரு குறை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். குடும்பமாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் பெரிய வசதி. உச்சியில் நின்றால் அடிவாரம் தெரிகிறது, ஆகவே பிள்ளைக்குப் பயம் குறைவு. எந்தப் பாதையால் இறங்கினாலும் கடைசியில் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறோம், ஆகவே ஆளை ஆள் தொலைப்பதில்லை. இறங்க இரண்டு மூன்று நிமிடம், ஏற அதைவிடக் கொஞ்சம் கூட. இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பிள்ளை பத்துப் பதினைந்து தரம் ஏறி இறங்கிவிடும். சறுக்கல் உடம்பில் ஏறுவது இந்தத் திரும்பத் திரும்பச் செய்வதில்தான்.

எத்தினை வயசில தொடங்கலாம்? எங்கட சின்னவனுக்கு நாலு.

நாலு வயதில் தொடங்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கென்றே குறுகிய நேர வகுப்புகள் உண்டு. மலைக்கு மலை வயதெல்லை வேறுபடும், பதியும்போது பாருங்கள். ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம் தாராளம். அதன்பிறகு களைப்பும் குளிரும் சேர்ந்து அழுகை வரும். அழும்வரை வைத்திருந்தால் அடுத்தமுறை வர மாட்டான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பூற்ஸைக் கழற்றிவிடுங்கள்.

பிள்ளை ஆயத்தமா என்று பார்க்க நான் கேட்பது இரண்டே இரண்டு. கையுறையைத் தானே போடுவானா? அறியாத ஒருவர் “என்னோடு வா” என்றால் அம்மாவை விட்டுப் போவானா? இரண்டும் இல்லையென்றால் ஒரு வருடம் பொறுங்கள்.

எனக்கு நாப்பத்திரண்டு வயசு. ஊரில சைக்கிள் மட்டும்தான் ஓடினனான். இனிப் பழகேலுமோ?

ஏலும். என் கணவர் தொடங்கும்போது அவருக்கு நாற்பத்தைந்து. ஊரில் சைக்கிள் ஓடியது வீண்போகாது. பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்குள்தான் போகும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கும் கண் போகிற பக்கம்தான் கால் போகும். ஸ்கீயின் நுனியைக் குனிந்து பார்த்தபடி போகிற பெரியவர்கள் எல்லோரும் விழுகிறார்கள்.

பெரியவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வேகம் கூடினால் உடம்பைப் பின்னுக்குச் சாய்ப்பார்கள், கதிரையில் இருக்கப்போவது மாதிரி. அப்படிச் செய்தால் ஸ்கீ இன்னும் வேகமாக ஓடும். நெஞ்சு முன்னுக்கு, முழங்கால் மடிந்து, கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு பூற்ஸின் முன்பக்கத்தை அழுத்தியபடி இருக்க வேண்டும். விழத்தான் வேண்டிவந்தால் பக்கவாட்டில் மெல்லச் சரிந்து விழுங்கள். எழும்பும்போது இரண்டு ஸ்கீயையும் உடம்புக்குக் கீழ்ப்பக்கமாக, சரிவுக்குக் குறுக்கே வைத்துவிட்டு எழும்புங்கள். முடியாவிட்டால் ஒரு ஸ்கீயைக் கழற்றுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

இது காசுக்காரரின்ர விளையாட்டெல்லோ?

பெரிய றிசோட்டில் தங்கி, எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் ஆம். சின்ன மலையில் ஒருநாள் என்பது வேறு கணக்கு. மலையில் ஏற்றிவிடும் லிஃப்ற்றுக்கான ரிக்கெற், வாடகைச் சாமான், தொடக்க வகுப்பு மூன்றையும் சேர்த்து ஒரே விலையில் கொடுக்கும் ஏற்பாடு பல மலைகளில் இருக்கிறது. முதல்நாளுக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். தொடக்கப் பகுதிக்கு மட்டுமான ரிக்கெற் முழு மலை ரிக்கெற்றைவிட மலிவு. பின்னேர ரிக்கெற் பகல் ரிக்கெற்றைவிட மலிவு. வாரநாள், வார இறுதியைவிட மலிவு. இணையத்தில் முன்கூட்டி எடுப்பது வாசலில் எடுப்பதைவிடப் பெரும்பாலும் மலிவு, அத்தோடு இடமும் உறுதி.

பிள்ளைக்குப் பிடித்துவிட்டதென்றால் இரண்டாம் வருடம் கடையில் முழுப் பருவத்துக்கும் வாடகைக்கு எடுங்கள். வளரும் பிள்ளைக்குச் சொந்தமாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அடுத்த மார்கழிக்குள் பூற்ஸ் சிறுத்துவிடும். இலையுதிர் காலத்தில் ஸ்கீ கழகங்கள் நடத்தும் பழைய சாமான் விற்பனைகளும் நல்லவை. எங்கள் வீட்டு ஜக்கெற்றுகளில் பாதி அங்கே வாங்கியவை.

என்ன உடுப்புப் போடுறது? எல்லாம் புதுசா வாங்கோணுமோ?

பள்ளிக்கூடத்து இடைவேளைக்குப் போடுகிற ஸ்நோ பாண்ட்ஸும் ஜக்கெற்றும் பிள்ளைக்குப் போதும். பெரியவர்களுக்குத்தான் ஸ்நோ பாண்ட்ஸ் இருப்பதில்லை. ஜீன்ஸோடு போகவே போகாதீர்கள். பருத்தி தண்ணீரை உறிஞ்சும், மூன்றாம் தரம் விழுந்தபிறகு துணி ஈரமாகிக் காலோடு ஒட்டி விறைக்கும். உள்ளே உடம்போடு ஒட்டிய, பருத்தியில்லாத ஒரு உடுப்பு, அதன்மேல் ஒரு சுவெற்றர், வெளியே தண்ணீர் புகாத ஜக்கெற். இந்த மூன்று அடுக்கு போதும்.

விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் மிற்றன் சூடு. நீண்ட சால்வை சுற்றாதீர்கள், லிஃப்ற்றில் மாட்டும். அதற்குப் பதில் கழுத்தில் குழாய் மாதிரிப் போடுகிற துணி இருக்கிறது, அதை மூக்குவரை இழுத்துவிடலாம். பின்னலை ஜக்கெற்றுக்குள் விடுங்கள். ஹெல்மெற் வாடகைக்குக் கிடைக்கும். அதைக் கட்டாயம் போடுங்கள், பிள்ளை மட்டுமல்ல நீங்களும். ஹெல்மெற்றுக்குள் தடித்த தொப்பி போட்டால் அது இறுக்கமாக இராது, மெல்லியதாக ஒன்று போடலாம், அல்லது ஒன்றும் வேண்டாம்.

வாடகை பூற்ஸ் காலை நெரிக்குதெண்டு பிள்ளை அழுதது. ஒரு சைஸ் பெருசா எடுத்தா என்ன?

இந்தப் பிழையை நான் செய்திருக்கிறேன். எங்கள் இரண்டாவது பயணம், வேறொரு மலை. வரிசை நீளம், சின்னவள் சிணுங்கினாள், பெரிய பூற்ஸைக் கேட்டு வாங்கினேன். குளிருமே என்று இரண்டு சோடிக் கால்மேசும் போட்டுவிட்டேன். மத்தியானம் கழற்றிப் பார்த்தால் கணுக்காலுக்கு மேலே இரண்டு பக்கமும் தோல் உரிந்து சிவந்திருந்தது. பூற்ஸ் பெரிதானால் கால் உள்ளே ஆடும், ஆடினால் உரஞ்சும். அதோடு கால் திரும்பினாலும் ஸ்கீ திரும்பாது. பிள்ளைக்கு ஏன் திரும்ப முடியவில்லை என்று அன்று முழுக்க எனக்கு விளங்கவில்லை.

சரியாகப் போடுவது இப்படி: முழங்காலுக்குக் கிட்ட வரும் நீளமான மெல்லிய கால்மேசு, ஒரே ஒரு சோடி. உள்ளே போட்ட நீளக் காற்சட்டையின் விளிம்பு பூற்ஸுக்குள் போகக்கூடாது. ஒரு சின்ன மடிப்புக் கிடந்தாலும் பத்து நிமிடத்தில் கல் மாதிரிக் குத்தும். குதியைத் தரையில் தட்டிக் காலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மேல் கொளுவிகளை முதலில் பூட்டுங்கள். நேராக நிற்கும்போது பெருவிரல் முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் விரல் விலக வேண்டும். அப்படி இருந்தால் அதுதான் அளவு. நடக்கும்போது கஷ்டமாகத்தான் இருக்கும். இது நடக்கச் செய்த பூற்ஸ் அல்ல.

படிவத்தில நிறை கேக்கினம். சரியாத்தான் சொல்லோணுமோ? சனத்துக்கு முன்னால சொல்ல ஒரு மாதிரி.

தயவுசெய்து சரியாகச் சொல்லுங்கள். பூற்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பூட்டு, நீங்கள் விழும்போது தானாகத் திறக்க வேண்டும். எவ்வளவு விசையில் திறப்பது என்பதை நிறை, உயரம், வயது, பூற்ஸின் அடி நீளம், எவ்வளவு பழகியவர் என்ற விபரங்களை வைத்துத்தான் திருகி வைக்கிறார்கள். நிறையைக் கூட்டிச் சொன்னால் விழும்போது திறக்காமல் முழங்கால் முறுகலாம். குறைத்துச் சொன்னால் சும்மா போகும்போதே கழன்றுவிடும். “நன்றாக ஓடுவேன்” என்று போடுவதும் அதே அளவு ஆபத்து. சத்தமாகச் சொல்ல வேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும்.

வகுப்பு வேணுமோ? என்ர மச்சான் நல்லா ஓடுவான், அவன் பழக்குவான்.

மச்சான் நன்றாக ஓடலாம். ஓடுவது வேறு, பழக்குவது வேறு. ஆசிரியர்கள் முதலில் பிள்ளையை ஒரு ஸ்கீயோடு சமதரையில் நடக்க வைப்பார்கள், பிறகு மற்றக் காலில், பிறகு இரண்டிலும். அதன் பிறகுதான் நுனிகளைக் கிட்டக் கொண்டுவந்து குதிகளை அகட்டுகிற ஆப்பு வடிவம். அதற்குப் பிள்ளைகளிடம் “பீட்சா” என்று பெயர். நேராக வைத்தால் “ஃப்ரைஸ்”. நிறுத்தப் பழகாமல் யாரையும் மேலே கொண்டுபோக மாட்டார்கள். சொந்தக்காரர் பழக்கும்போது இந்தப் படிகளைத் தாண்டி, பத்து நிமிடத்தில் லிஃப்ற்றில் ஏற்றிவிடுவதை எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன்.

அத்தோடு பிள்ளை அறிந்தவரிடம் அடம்பிடிக்கும், ஆசிரியரிடம் பிடிக்காது. நீங்களும் பக்கத்தில் நின்று தமிழில் இன்னொரு அறிவுறுத்தல் கொடுக்காதீர்கள். தூரப்போய் நில்லுங்கள். வகுப்பு முடிந்தபிறகு மச்சானோடு ஓடட்டும், அதுதான் அவருக்கும் சந்தோசம்.

லிஃப்ற்றில ஏறப் பயமாக் கிடக்கு. பிள்ளை விழுந்தா?

முதல்நாள் அந்தக் கதிரை லிஃப்ற்றில் ஏறவே தேவையில்லை. தொடக்கப் பகுதியில் விமானநிலையத்தில் ஓடுகிற நடைபட்டி மாதிரி ஒன்று பனியோடு பனியாக மேலே போகும். அதன்மேல் நின்றால் சரி. அதற்கு “மஜிக் கார்ப்பெற்” என்று பெயர்.

கதிரைக்கு வந்துவிட்டால், ஊன்றுகோல்களை ஒரு கையில் எடுங்கள், முதுகுப்பையை முன்னுக்கு மாட்டுங்கள். சின்னப் பிள்ளையை லிஃப்ற் ஓட்டுகிறவர் நிற்கும் பக்கம் விடுங்கள், அவர் தூக்கிவிடுவார். “முதல் தரம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் வேகத்தைக் குறைப்பார். இருந்ததும் முதுகை நன்றாகப் பின்னுக்கு வைத்து, பாதுகாப்புக் கம்பியை இறக்குங்கள். இடையில் நின்றால் பயப்பட வேண்டாம், மேலே யாரோ இறங்கும்போது விழுந்திருப்பார்கள். இறங்கும்போது ஸ்கீ நுனி மேல்நோக்கி இருக்கட்டும், எழுந்து நேராகப் போங்கள். விழுந்தால் அங்கேயே கிடந்து சிரிக்காமல் பக்கத்துக்கு ஊர்ந்து விலகுங்கள், அடுத்த கதிரை வருகிறது.

பனியே கொட்டேல்லை, வீட்டு முத்தத்தில புல்லுத் தெரியுது. மலை மட்டும் எப்பிடித் திறந்திருக்கு?

அது செய்த பனி. குளத்திலிருந்தோ நீர்த்தேக்கத்திலிருந்தோ எடுக்கும் தண்ணீரை அமுக்கிய காற்றோடு சேர்த்துப் பீரங்கி மாதிரியான குழாயால் விசிறுவார்கள். அந்தத் துளிகள் நிலத்தில் விழுவதற்குள் உறைந்துவிடும். தென் ஒன்ராறியோவின் சின்ன மலைகள் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. வானத்துப் பனியை மட்டும் நம்பியிருந்தால் அரைவாசி நாள் பூட்டிக் கிடக்க வேண்டும்.

இதற்குக் குளிர் மட்டும் போதாது, காற்றும் உலர்ந்திருக்க வேண்டும். மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசிந்த தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. பனித்துளியும் அப்படித்தான், காற்றில் போகும்போது கொஞ்சம் ஆவியாகி இன்னும் குளிர்கிறது. ஈரப்பதனையும் சேர்த்துக் கணக்கிட்ட அந்த வெப்பநிலை மைனஸ் 2 பாகைக்குக் கீழே போனால் பனி செய்யலாம். ஆகவே உலர்ந்த இரவில், வெப்பமானி 0 பாகை காட்டும்போதுகூடப் பீரங்கிகள் ஓடும். ஈரமான நாளில் மைனஸ் 1இலும் ஓடாது. செய்த பனி இயற்கைப் பனியைவிட அடர்த்தி, சுலபத்தில் கரையாது. பங்குனியில் பக்கத்து வயல் பச்சையாகத் தெரியும்போதும் மலை வெள்ளையாக நிற்பது அதனால்தான்.

எந்த நாள், எந்த நேரம் போறது நல்லம்?

காலை, திறந்த உடனே. இரவில் இயந்திரம் ஓடிப் பனியைச் சமன்செய்துவிட்டுப் போயிருக்கும். சீப்பால் வாரிவிட்ட தலை மாதிரி மலை முழுக்கக் கோடு கோடாகக் கிடக்கும். அந்தக் கோடுகளின்மேல் முதலில் போகிற சத்தம் ஒரு மெல்லிய கிறீச், அதைக் கேட்கவே நான் ஆறு மணிக்கு எழும்புவேன். மத்தியானத்துக்குள் அது கிளறுண்டு குவியலாகிவிடும், தொடங்குகிறவர்களுக்குக் கடினம்.

மாசி மாதம் மூன்றாம் திங்களில் வரும் குடும்ப தினமும், பங்குனிப் பள்ளி விடுமுறையும் மிகுந்த கூட்டம். தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். மழை பெய்து அடுத்தநாள் உறைந்திருந்தால் மலை கண்ணாடி மாதிரி இருக்கும், முதல்முறை போகிறவர்கள் அன்று போகவே கூடாது.

குளிர் எத்தினையில போகாம விடுறது?

வெப்பநிலையை அல்ல, காற்றோடு சேர்த்த குளிர் எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் 28ஐத் தொட்டால் வெறுந்தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்து காயப்படலாம் என்று கனடாச் சுற்றாடல் திணைக்களம் எச்சரிக்கிறது. லிஃப்ற்றில் இருக்கும்போது காற்று இன்னும் அடிக்கும். மைனஸ் 20 என்றாலே நாங்கள் சின்னப் பிள்ளைகளோடு போவதில்லை.

எங்கள் நிறத்தில் கன்னம் சிவப்பது தெரியாது. ஆகவே நிறம் வெளிறுகிறதா, மெழுகு மாதிரி ஆகிறதா என்று பாருங்கள், விரலால் தொட்டுப் பாருங்கள், உணர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போய் வெறுங்கையால் பொத்திப் பிடியுங்கள். தேய்க்கக் கூடாது. பனியால் தேய்ப்பது ஒருபோதும் கூடாது.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமோ?

நாங்கள் கொண்டுபோகிறோம். அடிவாரக் கட்டடத்தில் சொந்தச் சாப்பாடு சாப்பிட இடமிருக்கிறதா என்று போகும் மலையில் ஒருதரம் கேளுங்கள். ரோல்ஸ், பற்றிஸ், ஃபிளாஸ்க் நிறைய இஞ்சித் தேத்தண்ணீர். கறி வாசம் என்று யோசித்து ஒளித்துச் சாப்பிட வேண்டாம். பக்கத்து மேசைக்காரர் என்னிடம் ரோல்ஸ் எங்கே வாங்கினது என்று கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். தண்ணீரும் கொண்டுபோங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் உடம்பு வேர்க்கிறது.

அம்மா அப்பா விசிற்றில வந்திருக்கினம். அவையையும் கூட்டிக்கொண்டு போனா என்ன செய்வினம்?

கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்கீ செய்யாதவருக்கு லிஃப்ற் ரிக்கெற் தேவையில்லை. உள்ளே சூடாக இருந்துகொண்டு கண்ணாடிக்குள்ளால் பேரப்பிள்ளையைப் பார்க்கலாம். பிள்ளையின் ஹெல்மெற்றில் ஒரு பளிச்சென்ற நிறத் துணியை ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பிள்ளையும் ஒன்றுபோலத் தெரியும். என் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தபோது நாலு மணித்தியாலம் அந்தக் கண்ணாடியை விட்டு எழும்பவில்லை. நடக்கக்கூடியவர்களுக்கு, காற்றடைத்த வளையத்தில் இருந்தபடி இறங்கும் ரியூப் சறுக்கலும் உண்டு. பாரி நகருக்குப் பக்கத்து ஸ்நோ வலியில் அது பெரிய அளவில் நடக்கிறது, பழகவே தேவையில்லை. முதுகுவலி, எலும்புத் தேய்வு உள்ளவர்களுக்கு மட்டும் வேண்டாம்.

பொம்பிளைப் பிள்ளை, விழுந்து முகத்தில காயம் வந்தா எண்டு மாமி மறிக்கிறா. நான் என்ன சொல்ல?

மாமியின் பயம் அன்பில் வருவது, அதோடு சண்டை பிடிக்க வேண்டாம். முந்தின கேள்வியில் சொன்னபடி ஒருநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருத்துங்கள். ஹெல்மெற், கண்ணுக்குப் போடும் பனிக்கண்ணாடி, ஆசிரியர், மெல்லச் சரியும் நிலம் எல்லாவற்றையும் அவரே பார்க்கட்டும். ஆனால் தம்பியை விட்டுவிட்டு அக்காவை மறிக்கும் நியாயத்தை மட்டும் ஏற்காதீர்கள். பிள்ளைகள் அதை வாழ்நாள் முழுக்க ஞாபகம் வைத்திருப்பார்கள்.

நாலாம் ஐஞ்சாம் வகுப்புப் பிள்ளையளுக்கு ஏதோ பாஸ் இருக்காம், உண்மையோ?

உண்மை. கனேடிய ஸ்கீ மன்றம் கொடுக்கும் ஸ்நோபாஸ். அந்த வயதுப் பிள்ளை ஒரு சின்னக் கட்டணம் கட்டிப் பதிந்தால், நாடு முழுவதும் சேர்ந்திருக்கும் மலைகள் ஒவ்வொன்றிலும் மூன்று தரம் லிஃப்ற் ரிக்கெற் இல்லாமல் போகலாம். வாடகைச் சாமானும் வகுப்பும் இதில் அடங்காது. பிறந்த வருடத்தை வைத்துத்தான் தகுதி பார்ப்பார்கள். பிள்ளையின் படமும் வயதை நிறுவும் பத்திரமும் தேவை. மார்கழிக்கு முன்னமே எடுத்து வையுங்கள்.

சுவிஸில இருந்து வந்த அண்ணை, நீலப்பாதைதான் சுகம் எண்டு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிட்டார். பிள்ளை நடுவில நிண்டு அழுதது. ஆர் பிழை?

ஒருவரும் பிழையில்லை, இரண்டு நாட்டு முறையும் வேறு. சுவிஸில் நீலம் சுகமானது, சிவப்பு நடுத்தரம், கறுப்புக் கடினம். இங்கே பச்சை வட்டம் சுகமானது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். சிவப்பே இல்லை. ஐரோப்பாவிலிருந்து சொந்தக்காரர் வந்தால் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: நிறம் அந்த மலைக்குள் மட்டும்தான் ஒப்பீடு. கிளென் ஈடனின் கறுப்பும் விஸ்லரின் கறுப்பும் ஒன்றல்ல. பிள்ளை நடுவழியில் பயந்து நின்றால் தூக்கிக்கொண்டு சறுக்காதீர்கள். ஸ்கீயைக் கழற்றி, பாதையின் ஓரத்தால் நடத்திக் கொண்டுவரலாம். அல்லது மலையில் முதலுதவிக்கும் பாதுகாப்புக்கும் நிற்கும் ரோந்துக்காரரைக் கூப்பிடுங்கள், அவர்கள் அதற்காகத்தான் நிற்கிறார்கள்.

பின்னால வந்து ஒருத்தர் இடிச்சா ஆரில பிழை?

முன்னால், அதாவது கீழே போகிறவருக்குத்தான் உரிமை. மேலிருந்து வருபவர் விலக வேண்டும். எல்லா மலையிலும் பலகையில் எழுதிவைத்திருக்கும் பொறுப்பு விதிகளில் இது முக்கியமானது. அதேபோல நிற்பதென்றால் மேலிருந்து வருபவருக்குத் தெரியும் இடத்தில், ஓரமாக நிற்க வேண்டும். திரும்பப் புறப்படும்போது மேலே பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும். குடும்பப் படம் எடுக்கப் பாதையின் நடுவில் மேட்டுக்குக் கீழே நிற்பது எங்கள் ஆட்கள் அடிக்கடி செய்யும் பிழை, தயவுசெய்து வேண்டாம். மோதல் நடந்தால் இரு பக்கமும் அங்கேயே நின்று ரோந்துக்காரரிடம் பெயர் கொடுக்க வேண்டும்.

நீளமா ஒரு பத்திரத்தில கையெழுத்துக் கேக்கினம். வாசிக்காம வைக்கலாமோ?

வாசியுங்கள். காயம் வந்தால், அவர்களுடைய கவனக்குறைவால் வந்தாலும்கூட, வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்பதுதான் அதன் சாரம். “இதெல்லாம் கோட்டில் நிற்காது” என்று சிலர் சொல்வார்கள். 2018இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு ஸ்கீ மலைகள் சம்பந்தப்பட்ட வழக்கில், இப்படியான பத்திரங்களை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் செல்லாததாக்காது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. நானும் ஒவ்வொரு வருடமும் கையெழுத்து வைக்கிறேன். என்ன என்று தெரிந்துகொண்டு வைக்கிறேன்.

காலை முறிச்சா ஓஹிப் குடுக்குமோ?

ஓஹிப் என்பது ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி. ஒன்ராறியோவில் இருக்கும், ஓஹிப் அட்டை உள்ளவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வராது. அம்புலன்ஸ் மருத்துவத் தேவைக்காக வந்தால் பெரும்பாலும் 45 டொலர் பில் வரும். விசிற்றில் வந்தவர்களுக்கு ஓஹிப் இல்லை. அவர்களுடைய காப்புறுதியில் ஸ்கீ விலக்கப்பட்டிருக்கிறதா என்று பத்திரத்தில் தேடிப் பார்த்தபிறகே ஸ்கீயில் ஏற்றுங்கள். மலையில் முதலில் வருபவர்கள் ரோந்துக்காரர்கள். கனேடிய ஸ்கீ ரோந்து 1941இல் தொடங்கியது, அதில் மிகப் பெரும்பாலானவர்கள் சம்பளம் இல்லாத தொண்டர்கள். என் மூத்தவள் இப்போது அந்த முதலுதவிப் பயிற்சிக்குப் பதிந்திருக்கிறாள்.

மில்ரன் தூரம். ஸ்காபரோ, ஏஜக்ஸ் பக்கம் ஒண்டும் இல்லையோ?

இருக்கிறது. அக்ஸ்பிரிட்ஜில் லேக்ரிட்ஜ் இருக்கிறது, மார்க்கம், ஏஜக்ஸ்காரருக்கு அதுதான் கிட்ட. ரொறன்ரோவுக்குள்ளேயே நகரசபை நடத்துவது ஏர்ள் பேல்ஸ் பூங்கா, பத்தர்ஸ்ற் வீதியும் ஷெப்பேட் வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே. கார் இல்லாதவர்கள் ரிரிசி என்ற நகரப் போக்குவரத்து பஸ்ஸிலேயே போகலாம். மில்ரனைவிடவும் சின்னது. ஆனால் முதல் இரண்டு மூன்று நாளுக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டாம், காரணத்தை இரண்டாவது கேள்வியில் சொல்லிவிட்டேன். நகரசபை வகுப்புகள் பதிவு திறந்ததும் நிறைந்துவிடும், ஆகவே பதிவு நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

எங்கட ஆக்கள் அங்க வருவினமோ? நாங்க மட்டும் தனிய நிப்பமோ?

நாங்கள் தொடங்கிய வருடம் தமிழ்க் குரல் கேட்பது அருமை. இப்போது ஒரு சனிக்கிழமை பூற்ஸ் மாட்டுகிற வாங்கில் இருந்தால், “அம்மா, இறுக்காதேங்கோ” என்று ஏதாவது ஒரு மூலையிலிருந்து கேட்கும். கேட்டால் திரும்பிப் பார்த்துப் பேசுங்கள். முதல்நாள் வந்தவர் என்றால், அந்த மேல் கொளுவியை எப்படிப் பூட்டுவது என்று குனிந்து காட்டிக் கொடுங்கள்.